அன்பு நிறைந்த இல்லமும் அதன் இசையும்
ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஜாஸ் இசைத்தட்டு பற்றிய ஆய்வு

முன்னுரை

படைப்பு ஒன்றைப் போற்றும் நாம், அதனோடு பெயர் இணைந்த மனிதரையும் போற்றியே தீர வேண்டுமா? அம்மனிதர் பழிக்கு ஆளாகும்போது, படைப்பையும் அவரோடு சேர்த்துப் புறந்தள்ள வேண்டுமா? இலக்கியம் பயில்வோர் என்றேனும் ஒருநாள் எதிர்கொண்டே ஆக வேண்டிய வினாக்கள் இவை. பெரும்பாலும் விருப்பு வெறுப்புகளின் வழியாகவே இவற்றிற்கு விடை கூறிவிடுகிறோம். மாறாக, ஒரு குறிப்பிட்ட படைப்பை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு உருவானது, எவரெவர் உழைப்பால் உருவானது, எவர் பெயரால் வழங்கியது என்று படிப்படியாக ஆராய்ந்தால் தெளிவு பிறக்கும்.

அத்தகைய ஆய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘எ ஹவுஸ் ஃபுல் ஆஃப் லவ்’ என்னும் ஜாஸ் இசைத்தட்டாகும். ‘அன்பு நிறைந்த இல்லம்’ என்று இத்தலைப்பைத் தமிழில் கூறலாம். ‘தி காஸ்பி ஷோ’ என்னும் குடும்ப நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் இசையைக் கொண்டு அமைந்தது இது. சாக்ஸஃபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியர் இதன் முதன்மைக் கலைஞர் ஆவார். இவ்விசைத்தட்டின் பின்புலம், அமைப்பு, அதன்மீது பிற்காலத்தில் படிந்த நிழல் ஆகியவற்றை ஆராய்ந்து, மேற்கண்ட வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாஸ் இசையின் இயல்பு

ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த இசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் அது உருப்பெற்றது. அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்களின் வழித்தோன்றல்கள், தம் வேலைப்பாடல்களையும், ‘புளூஸ்’ என்னும் துயரப்பாடல் மரபையும், தேவாலயப் பாடல்களையும், பித்தளைக் கருவிகள் கொண்ட ஊர்வல வாத்தியக் குழுக்களின் முறைமையையும் ஒன்றாகக் குழைத்தனர். அக்குழைவில் தோன்றியதே ஜாஸ்.

இவ்விசையின் அமைப்பை நம் மாணவர்கள் எளிதில் உணரலாம். முதலில் குழுவினர் அனைவரும் சேர்ந்து ஒரு மெட்டை இசைப்பர். அடுத்து, அம்மெட்டிற்கு அடிப்படையான சுரக்கட்டின்மேல் ஒவ்வொரு கலைஞரும் தம் முறை வரும்போது தாமே புதிது புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பர். இறுதியில் அனைவரும் மீண்டும் தொடக்க மெட்டிற்கே திரும்புவர். நம் கச்சேரி மரபில் மனோதர்மம் என்று வழங்குவதை ஒருவாறு இதனோடு ஒப்பிடலாம். ஒருவர் தனித்து வாசிக்கும்போது ஏனையோர் ஓய்ந்திருப்பதில்லை. அவரைத் தாங்கியும், தூண்டியும், அவர் எழுப்பும் வினாவிற்கு விடை பகர்ந்தும் உடன்வருகின்றனர். தனிமனித உரிமையும் கூட்டுப் பொறுப்பும் ஒருங்கே அமைந்த கலை இது என்பது கருதத்தக்கது. நல்லதொரு குடும்பத்தின் இயல்பும் இதுவேயாதலால், குடும்பத் தொடர் ஒன்றிற்கு ஜாஸ் இசை பொருந்தியதில் வியப்பில்லை.

ஈண்டு மற்றொரு வரலாற்றுச் செய்தியும் நோக்குதற்குரியது. கறுப்பின மக்கள் வளர்த்த இவ்விசையின் முதல் ஒலித்தட்டு 1917ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனைப் பதிவு செய்தோர் வெள்ளையர் குழுவொன்றினர். கலையை உருவாக்கியவர் ஒருவராகவும், தட்டின்மேல் பெயர் பெறுபவர் வேறொருவராகவும் இருக்கலாம் என்பதை இவ்விசையின் பதிவு வரலாறு அதன் முதற்பக்கத்திலேயே காட்டிவிடுகிறது. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

தொடரும் அதன் காலமும்

‘தி காஸ்பி ஷோ’ 1984 செப்டம்பர் 20 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, எட்டுப் பருவங்கள் ஒளிபரப்பாகி, 1992 ஏப்ரல் 30 அன்று நிறைவுற்றது. நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் வாழும் ஹக்ஸ்டபிள் என்னும் கறுப்பினக் குடும்பத்தின் அன்றாட வாழ்வே அதன் கதை. தந்தை கிளிஃப் மகப்பேறு மருத்துவர்; தாய் கிளேர் வழக்கறிஞர்; பிள்ளைகள் ஐவர். தந்தையாகப் பில் காஸ்பியும் தாயாகப் பிலிசியா ரஷாதும் நடித்தனர்.

இத்தொடரின் சிறப்பை உணர, அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். 1951 முதல் 1953 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்னும் தொடர், கறுப்பின மக்களை நகைப்பிற்குரியோராகச் சித்திரிக்கிறது என்று அம்மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கம் கண்டனம் தெரிவித்தது. 1974 முதல் 1979 வரை வந்த ‘குட் டைம்ஸ்’ என்னும் தொடர், சிகாகோ நகரின் அரசுக் குடியிருப்பில் வறுமையோடு போராடும் ஒரு குடும்பத்தைக் காட்டியது. கல்வியும் செல்வமும் மன அமைதியும் ஒருங்கே பெற்ற கறுப்பினக் குடும்பம் ஒன்று, வாரந்தோறும் நாடு முழுவதிலும் உள்ள வீடுகளுக்குள் நுழைந்தது ‘தி காஸ்பி ஷோ’வின் வழியாகத்தான். 1985-86 முதல் 1989-90 வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிகுதியான பார்வையாளரைப் பெற்ற தொடராக அது விளங்கியது. அவற்றுள் இறுதிப் பருவத்தில் மட்டும் முதலிடத்தை மற்றொரு தொடருடன் பகிர்ந்துகொண்டது.

இதனைக் குறைகூறியோரும் உளர். மருத்துவரும் வழக்கறிஞரும் வாழும் வீட்டைக் கண்ட பிற இனத்தார், கறுப்பின மக்களின் துன்பங்கள் யாவும் தீர்ந்துவிட்டன என்று எண்ணிவிடக்கூடும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், தம் வாழ்வின் நல்ல பக்கத்தைத் திரையில் ஒருபோதும் கண்டிராத மக்களுக்கு அக்காட்சி அளித்த தன்மதிப்பும் மெய்யே.

ஒரு மெட்டு, பல உருவங்கள்

இத்தொடரின் முகப்பிசை மெட்டை ஸ்டூ கார்ட்னர், பில் காஸ்பி ஆகிய இருவரும் இணைந்து அமைத்தனர். ஸ்டூ கார்ட்னர் தொடரின் இசைப் பொறுப்பையும் ஏற்றிருந்தார். தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றில் முகப்பிசை தொடக்கம் முதல் இறுதிவரை மாறாதிருக்கும். பார்வையாளர் அடுக்களையில் இருந்தாலும் ஒலியைக் கேட்டவுடன் தொலைக்காட்சிக்கு முன் வந்து அமர்வதற்கான அழைப்பே அது. இத்தொடரிலோ, மெட்டு ஒன்றாக நிற்க, அதன் உருவம் பருவத்திற்குப் பருவம் மாறியது.

1987-88 பருவத்தில் பாபி மெக்ஃபெரின் என்னும் கலைஞர் தம் குரலாலேயே அம்மெட்டை இசைத்தார். மிடற்றொலியையே இசைக்கருவியாக்கும் வல்லமை படைத்தவர் அவர். அடுத்த பருவத்தில் ஓரிகன் சிம்ஃபனி என்னும் பெருங்குழு அதே மெட்டை மேற்கத்தியச் செவ்விசைக் கோலத்தில் வாசித்தது. அக்காலத்தில் அக்குழுவின் தலைவராக விளங்கியவர் ஜேம்ஸ் டிபிரீஸ்ட். புகழ்பெற்ற கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சனின் உடன்பிறந்தாள் மகன் அவர். 1939ஆம் ஆண்டு வாஷிங்டன் நகர அரங்கொன்றில் பாட, நிறத்தைக் காரணமாகக் கொண்டு ஆண்டர்சனுக்கு இடம் மறுக்கப்பட்டது. அதனால் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 மக்கள் முன்னிலையில் அவர் பாடினார். அரங்கம் மறுக்கப்பட்ட அப்பாடகியின் மருமகன் தலைமையேற்றிருந்த பெருங்குழு, அரை நூற்றாண்டு கழித்து, கறுப்பினக் குடும்பம் ஒன்றின் கதைக்கு முகப்பிசை வழங்கியது. முகப்பிசை என்று நாம் எளிதாகக் கடந்துபோகும் சில நொடிகளுக்குள் இத்தகைய வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

ஒரே மெட்டைப் பலவாறு விரித்தல் ஜாஸ் மரபின் உயிர்நாடி. ஆண்டுகள் ஏற ஏறப் பிள்ளைகள் வளர்கின்றனர், மூத்தோர் மணம்புரிந்து செல்கின்றனர், பேரக்குழந்தைகள் பிறக்கின்றனர், ஆயினும் குடும்பம் அதே குடும்பமாக நிற்கிறது. மெட்டு மாறாமல் உருவம் மாறும் இசை, இவ்வுண்மையைச் சொல்லின்றியே உணர்த்திவிடுகிறது எனலாம்.

குரோவர் வாஷிங்டனும் இசைத்தட்டும்

இசைத்தட்டின் முதன்மைக் கலைஞரான குரோவர் வாஷிங்டன் ஜூனியர் 1943ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் பிறந்தார். பிலடெல்ஃபியா நகரைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். அவர்தம் முதல் இசைத்தட்டு அமைந்த விதம் சுவையானது. ஹேங்க் கிராஃபோர்ட் என்னும் கலைஞர் ஒலிப்பதிவிற்கு வர இயலாமற்போக, அவருடைய இடத்தில் வாஷிங்டன் அமர்த்தப்பட்டார். அவ்வாறு உருவான ‘இன்னர் சிட்டி புளூஸ்’ 1971இல் வெளிவந்து அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1980இல் வெளிவந்த ‘வைன்லைட்’ என்னும் இசைத்தட்டு கிராமி விருது பெற்றது. அதில் இடம்பெற்ற ‘ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்’ என்னும் பாடலைப் பாடியவர் பில் விதர்ஸ். இன்று அப்பாடலைக் கேட்போர் பலர் அதனை விதர்ஸின் பாடலாகவே அறிவர். அது வாஷிங்டனின் இசைத்தட்டில் வந்தது என்பதை அறியார்.

அவருடைய கருவியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். சாக்ஸஃபோனைப் படைத்தவர் பெல்ஜிய நாட்டு அடால்ஃப் சாக்ஸ். 1846ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அதற்கு உரிமம் பெற்றார். அதனை அவர் தனிக்கருவியாக அன்றி, சிறியதும் பெரியதுமான ஒரு கருவிக் குடும்பமாகவே வகுத்தார். மேல்தாயியில் ஒலிக்கும் சோப்ரானோ, அடுத்து ஆல்டோ, டெனர், அடிக்குரலில் முழங்கும் பாரிட்டோன் எனப் பல அளவுகள் உண்டு. அளவும் குரலும் வேறுபடினும் விரலடைவு முறை ஒன்றே. இந்நான்கையும் வாசிக்கும் ஆற்றல் பெற்றவர் வாஷிங்டன். நம் நாட்டில் கத்ரி கோபால்நாத் இக்கருவியில் கர்நாடக இசையை வாசித்துப் புகழ்பெற்றார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வழியாக அவருடைய நாதம் தமிழ்நாட்டின் இல்லந்தோறும் எட்டியதை நாம் அறிவோம்.

தொலைக்காட்சித் தொடரில் இசைக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறுகியது. அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரங்கள் போக எஞ்சுவது இருபதுக்குச் சற்று மிகுதியான நிமிடங்களே. அதற்குள் காட்சி மாறும்போது சில நொடிகள், தொடக்கத்திலும் முடிவிலும் சில நொடிகள் என்று இசை வந்து மறையும். சுவைஞர் செவி கொள்ளும் முன்னரே உரையாடல் தொடங்கிவிடும். அவ்வாறு துணுக்குகளாகச் சிதறிக்கிடந்தவற்றிற்கு, வளர்ந்து முழுமை பெறும் இடத்தை இவ்விசைத்தட்டு அளித்தது. காட்சிக்கு ஏவல் செய்த இசை, காட்சியின் துணையின்றித் தன் காலில் நிற்கும் இசையாயிற்று. வாஷிங்டனின் வாசிப்பு இனிமையும் மென்மையும் மிக்கது. கடுமையான சோதனை முயற்சிகளை விரும்பும் ஜாஸ் திறனாய்வாளர் சிலர் இத்தகைய வாசிப்பை எளிமையானது என்று குறைத்து மதிப்பிடுவர். எளிமை குற்றமன்று. குழந்தைகளும் பெரியோரும் ஒருங்கே அமர்ந்திருக்கும் கூடத்தில் ஒலிக்க வேண்டிய இசைக்கு எளிமையே இலக்கணம் என்பது நம் கருத்து.

வழிவழிச் சொத்தாக இசை

இத்தொடரில் ஜாஸ் பின்னணியாக மட்டும் நில்லாமல் கதையின் பகுதியாகவும் அமைந்தது. கிளிஃபின் தந்தை ரசல், டிராம்போன் வாசித்த ஜாஸ் கலைஞராகப் படைக்கப்பட்டார். மகன் மருத்துவரான பின்னும் பழைய இசைத்தட்டுகளைப் போற்றிக் காக்கிறார். பேரப்பிள்ளைகள் தம் காலத்து இசையை விரும்பினும், பாட்டனாரின் இசை அவ்வீட்டில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. 1940களில் சார்லி பார்க்கருடன் இணைந்து ‘பீபாப்’ என்னும் புதுநெறியை உருவாக்கிய டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பி, 1984இல் இத்தொடரின் ஒரு பகுதியில் பள்ளி இசையாசிரியராக நடித்தார். பாடகி லீனா ஹோர்ன் 1985இலும், ஸ்டீவி வொண்டர் 1986இலும் தோன்றினர்.

பொருள் மட்டுமன்று, கலையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் சொத்தே என்பதை இக்காட்சிகள் உணர்த்தின. நூல்களில் எழுதப்படாத வரலாறு கொண்ட ஒரு மக்களுக்கு, இசையே வரலாற்று நூலாகவும் அமைந்தது. இவ்வகையில் இத்தொடரும் இசைத்தட்டும் ஆற்றிய பணி மறுக்கவியலாதது.

பெயர் பெறாத குரல்கள்

1985இல் ஒளிபரப்பான ஒரு பகுதி பலராலும் நினைவுகூரப்படுவது. பாட்டனார் பாட்டியின் திருமண நாளில், மாடிப்படியில் நின்று, ரே சார்ல்ஸின் பழைய ஒலிப்பதிவு ஒன்றிற்கு வாயசைத்துக் குடும்பத்தார் அனைவரும் நடிக்கின்றனர். அப்பாடலின் நடுவே ஒரு பெண்குரல் வெடித்தெழுகிறது. வீட்டின் கடைக்குட்டிச் சிறுமி அக்குரலுக்கு வாயசைக்க, அரங்கம் ஆரவாரிக்கிறது. நாடு முழுவதும் அச்சிறுமியைக் கொண்டாடியது. அக்குரலுக்கு உரியவர் யார்? ரே சார்ல்ஸின் குழுவில் பாடிய மார்ஜி ஹெண்ட்ரிக்ஸ் என்னும் பெண்மணி. அவர் 1973ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். தம் குரல் மீண்டும் நாட்டை மகிழ்வித்ததை அவர் அறியார். மகிழ்ந்தோருள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியார்.

கலையுலகின் பொதுநிலையை இந்நிகழ்வு ஒரு சிமிழுக்குள் அடக்கிக் காட்டுகிறது. மேலே நாம் குறிப்பிட்ட திரைப்படத்திலும் திரையில் கருவியை ஏந்தியவர் ஒருவர். நாதத்திற்கு உரியவர் மற்றொருவர். ‘தி காஸ்பி ஷோ’வின் இசையும் அத்தகையதே. மெட்டமைத்தோர், அதற்கு வாத்திய அமைப்பு எழுதியோர், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஊதியம் பெற்று வாசித்துச் சென்றோர், ஒலியைப் பதிவு செய்தோர் எனப் பலருடைய உழைப்பு அதில் உண்டு. ஆனால் தொடரின் தலைப்பில் நிற்பது ஒரே ஒருவருடைய பெயர். இசைத்தட்டின் உறையிலும் அப்பெயர் தொடரின் பெயரோடு கூடவே வருகிறது. புகழ் வந்தபோது அதன் பெரும்பங்கை அப்பெயரே பெற்றது. பழி வந்தபோதோ, அது அனைவர்மீதும் படிந்தது.

இல்லத்தின் மீது வீழ்ந்த நிழல்

பில் காஸ்பி தொடரில் மட்டும் நல்ல தந்தையாக நிற்கவில்லை. இசைத்தட்டு வெளிவந்த அதே 1986ஆம் ஆண்டில், தந்தைமை பற்றி அவர் எழுதிய நூலும் வெளிவந்து பெருமளவில் விற்பனையாயிற்று. பின்னர்ப் பொது மேடைகளில் ஒழுக்கத்தையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றி அவர் மக்களுக்கு அறிவுரை கூறினார். பல்கலைக்கழகங்கள் பல அவருக்கு மதிப்புறு பட்டங்களை வழங்கின.

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, பில் காஸ்பி தமக்குப் பாலியல் கொடுமை இழைத்ததாகப் பெண்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக வெளிப்படையாகக் கூறினர். அவ்வாறு கூறியோர் ஐம்பதின்மருக்கும் மேற்பட்டோர். அவர் அவற்றை மறுத்தார். 2015இல், பழைய உரிமையியல் வழக்கொன்றில் அவர் அளித்திருந்த வாக்குமூலத்தின் பகுதிகளை வெளியிட நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். ஒழுக்கம் போதிப்பவராகப் பொதுவெளியில் அவர் நின்றதையும் அந்நீதிபதி ஒரு காரணமாகக் காட்டினார். 2018 ஏப்ரலில் பென்சில்வேனியா மாநில நடுவர் குழு மூன்று குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி எனக் கண்டது. செப்டம்பரில் மூன்று முதல் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021 ஜூன் 30 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வழக்குத் தொடரப்போவதில்லை என்று முந்தைய அரசு வழக்கறிஞர் எடுத்த முடிவு பிற்காலத்தாரையும் கட்டுப்படுத்தும் என்னும் நடைமுறைக் காரணத்தின்மேல் அம்முடிவு அமைந்தது. 2022இல் கலிபோர்னியாவில் நடந்த உரிமையியல் வழக்கில், 1975ஆம் ஆண்டு பதினாறு வயதுப் பெண் ஒருவருக்கு அவர் பாலியல் கொடுமை இழைத்தார் என்று நடுவர் குழு கண்டு, ஐந்து இலட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு கூறியது.

பல்கலைக்கழகங்கள் பல தாம் அளித்த பட்டங்களைத் திரும்பப் பெற்றன. தொலைக்காட்சி நிலையங்கள் சில, தொடரின் மறுஒளிபரப்பை நிறுத்தின. ‘அன்பு நிறைந்த இல்லம்’ என்னும் தலைப்பைக் கேட்போர் செவியில் அது வேறொரு பொருளோடு ஒலிக்கத் தொடங்கிற்று.

நாம் கொள்ள வேண்டிய நெறி

இந்நிலையில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. ‘கலை வேறு, கலைஞர் வேறு, இசையைக் கேட்டு மகிழ்வோம், ஏனையவை நமக்கு வேண்டா’ என்பது ஒன்று. ‘கறைபட்ட கையால் தொடப்பட்டவை யாவும் எறியப்பட வேண்டியவை’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எளிய வழிகள். இரண்டுமே ஆராய்ச்சிக்கு வேலையில்லாமற் செய்துவிடுகின்றன.

முதற்கூற்றை எடுத்துக்கொள்வோம். இவ்விசையும் இத்தொடரும் அம்மனிதரின் வாழ்விலிருந்து முற்றும் விலகி நின்றவை அல்ல. அன்பு நிறைந்த இல்லத்தின் தலைவர் என்னும் தோற்றத்தை அவருக்கு அணிவித்தவை அவை. அத்தோற்றத்தை நம்பிய உலகம், முறையிட்ட பெண்களை எளிதில் நம்பவில்லை. இனிய மெட்டு ஒன்று தன்னை அறியாமலே ஒரு திரையாகவும் பயன்பட்டது. ஆதலின், அவ்விசையை விரும்பாத ஒருவரை, அதிலும் துன்புற்ற ஒருவரை, இசையறிவற்றவர் என்று கூற நமக்கு உரிமை இல்லை.

இரண்டாம் கூற்றும் நீதியாகாது. 1999 டிசம்பரில், நியூயார்க் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்காக வாசித்து முடித்த சிறிது நேரத்தில் மயங்கி வீழ்ந்து மறைந்த குரோவர் வாஷிங்டன் செய்த பிழை யாது? மிடற்றொலியால் மெட்டை எழுப்பிய பாபி மெக்ஃபெரின், பள்ளியாசிரியராகத் தோன்றி இளையோரை மகிழ்வித்த கில்லெஸ்பி, பெயர் தெரியாத எண்ணற்ற வாத்தியக் கலைஞர்கள் ஆகியோரின் உழைப்பை, ஒருவருடைய குற்றத்திற்கு ஈடாக அழித்துவிடுவது அறமாகுமா? தொடரில் மகன் தியோவாக நடித்த மால்கம் ஜமால் வார்னர், பிற்காலத்தில் கவிஞராகவும் பேஸ் கித்தார் வாசிப்பவராகவும் வளர்ந்து, 2015இல் கூட்டுப் பாடல் ஒன்றிற்காகக் கிராமி விருதில் பங்கு பெற்றார். 2025 ஜூலையில் கோஸ்டா ரிகா நாட்டுக் கடலில் மூழ்கி அவர் மறைந்தபோது, உலகெங்கும் மக்கள் வருந்தினர். அவ்வருத்தம் தொடரின் தலைப்பில் இருந்த பெயருக்காக எழுந்ததன்று, அவருக்காகவே எழுந்தது.

எனவே, நாம் கொள்ள வேண்டிய நெறி மூன்று கூறுகளை உடையது எனலாம். முதலாவது, புகழைப் பகுத்தளித்தல். படைப்பு ஒன்றில் பங்குகொண்டோர் எவரெவர் என்று தேடியறிந்து, அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிக்க வேண்டும். இரண்டாவது, பழியை மறையாதிருத்தல். இசைத்தட்டைப் பற்றிப் பேசும்போது அதன்மீது படிந்த நிழலையும் சேர்த்தே பேச வேண்டும். மூன்றாவது, படைப்பின் இனிமையை மனிதர் ஒருவரின் நடத்தைக்குச் சான்றாகக் கொள்ளாதிருத்தல். திரையில் கண்ட தந்தை எழுத்தாளர்களும் நடிகரும் சேர்ந்து படைத்த ஒரு பாத்திரம். அப்பாத்திரத்தின் நற்பண்பை, அதனை ஏற்று நடித்தவரின் கணக்கில் வரவு வைத்தோர் நாமே.

இம்மூன்றாவது கூறு இசைக்கு மட்டும் உரியதன்று. மேடையில் நயமாகப் பேசுவோர், நூல்களில் அறம் எழுதுவோர், நிறுவனங்களைக் கட்டி எழுப்புவோர் ஆகியோர்மீது எளியவர் ஒருவர் முறையிடும்போது, ‘இவ்வளவு நல்லன செய்தவரா இதனைச் செய்திருப்பார்?’ என்று கேட்பது உலக வழக்கு. செய்த நல்லன வேறு. சாட்டப்பட்ட குற்றம் வேறு. ஒன்றை மற்றொன்றால் தள்ளுபடி செய்தல் இயலாது. முறையிடுவோரை முதலில் செவிமடுத்து, பின் சான்றுகளை ஆராய்ந்து முடிவு காண்பதே ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உரிய கடமையாகும். கல்வி கற்கும் இளையோரும் இதனை இப்பருவத்திலேயே மனங்கொள்ளுதல் நன்று.

முடிவுரை

‘எ ஹவுஸ் ஃபுல் ஆஃப் லவ்’ என்னும் இசைத்தட்டு, தன் மக்களின் இசைமரபைக் குடும்பக் கூடத்திற்குள் கொண்டுவந்த ஒரு முயற்சியின் சின்னம். தொலைக்காட்சியில் நொடிகளாக வந்து மறைந்த இசைக்கு அது முழு உருவம் கொடுத்தது. ஒருவர் வாசிக்கப் பிறர் தாங்கும் ஜாஸ் இசையின் கூட்டு அறத்தை அது இன்றும் தாங்கி நிற்கிறது. அக்கூட்டு அறத்தை மீறியவரின் பெயரும் அதனோடு பிணைந்திருப்பது வரலாற்றின் கசப்பான உண்மை. இனிமையையும் கசப்பையும் தனித்தனியே அறிந்து, இரண்டையும் மறவாமல் ஏற்பதே முதிர்ந்த சுவைஞரின் இயல்பு.

இலக்கியத் திறனாய்விலும் நாம் பெறும் பாடம் இதுவே. நூலின் முகப்பில் நிற்கும் ஒரு பெயரோடு நம் பார்வை நின்றுவிடலாகாது. ஏடெழுதியோர், பாதுகாத்தோர், பதிப்பித்தோர், பாடிப் பரப்பியோர் என அப்பெயருக்குப் பின்னால் நிற்கும் கைகளையும் காணுதல் வேண்டும். மாணவர்கள் இனி ஓர் இசைத்தட்டைக் கேட்பினும், ஒரு நூலைக் கற்பினும், ‘இதில் வாசித்தவர் யார்? இதற்காக உழைத்தவர் யார்? இதனால் துன்புற்றவர் எவரேனும் உண்டா?’ என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்ப்பாராக. விடை தேடும் அம்முயற்சியே கல்வியின் பயனாகும்.